கழுவெளிப் பகுதி மிதிவண்டிச் சுற்றுலா

கழுவெளிப் பகுதி மிதிவண்டிச் சுற்றுலா என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திற்குக் கிழக்கே வங்காள விரிகுடாக் கரையோரம் அமைந்துள்ள கழுவெளி உவர்நீர் ஏரியையும், அதன் கடல் வாயிலான எடையன்திட்டுக் கழிமுகத்தையும் சுற்றி மிதிவண்டியில் மேற்கொள்ளப்படும் பயணத்தைக் குறிக்கும். இது அரசால் அறிவிக்கப்பட்ட தனிப் பாதை அன்று. திண்டிவனம், மரக்காணம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களையும் இணைக்கும் பொதுச் சாலைகளின் தொகுப்பே ஆகும். இம்மூன்று சாலைகளும் சேர்ந்து ஏறத்தாழ 105 கி.மீ. நீளமுள்ள ஒரு முக்கோணமாக அமைகின்றன. கழுவெளி ஏரி அம்முக்கோணத்தின் உள்ளே உள்ளது.

ஏரியின் கரையை ஒட்டி முழுவதுமாகச் சுற்றிவரும் சாலை இல்லை. எனவே பயணிகள் ஏரியைத் தொடர்ச்சியாகக் காண இயலாது. மாறாக, உள்நாட்டு ஏரிகள், சதுப்பு நிலம், உப்பளம், கால்வாய், கழிமுகம், கடற்கரை என நீர் செல்லும் வழியின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே காண்கின்றனர்.

அமைவிடமும் நில அமைப்பும்

கழுவெளி (கழுவேலி எனவும் எழுதப்படுகிறது) விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்துள்ளது. தமிழ்நாட்டில் பழவேற்காடு ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவாகும். திண்டிவனம், வானூர்ப் பகுதிகளில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழியும் நீர், ஓடைகள் வழியாக இதனை வந்தடைகிறது. ஏரியின் வடகிழக்கு முனை மரக்காணத்தை ஒட்டிய குறுகிய நீர்வழியால் எடையன்திட்டுக் கழிமுகத்துடன் இணைந்து, அங்கிருந்து கடலை அடைகிறது. இதனால் ஏரியின் தென்மேற்குப் பகுதி நன்னீர்த் தன்மையுடனும், கழிமுகத்தை நெருங்க நெருங்க உவர்த்தன்மையுடனும் காணப்படுகிறது.

ஏரி மிகவும் ஆழம் குறைந்தது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர் பரந்து நிற்கும். கோடையில் பெரும் பகுதி வறண்டு, வெடித்த சேற்று நிலமாகவும் மேய்ச்சல் வெளியாகவும் மாறிவிடும். ஒரே இடம் சனவரியில் கடல் போலவும் மே மாதத்தில் பொட்டல் போலவும் தோன்றுவது இதனால்தான்.

பயணப் பாதை

பாதையின் பகுதிகளும் ஏறத்தாழ உள்ள தொலைவுகளும் வருமாறு:

- திண்டிவனம் – மரக்காணம்: 33 கி.மீ.
- மரக்காணம் – ஆலம்பரை (கிளைப் பயணம், ஒரு வழி): 15 கி.மீ.
- மரக்காணம் – புதுச்சேரி: 35 கி.மீ.
- புதுச்சேரி – திண்டிவனம்: 38 கி.மீ.

திண்டிவனம் – மரக்காணம்

திண்டிவனம் சென்னை எழும்பூர் – விழுப்புரம் தொடர்வண்டித் தடத்தில் உள்ளதால் பயணத்தைத் தொடங்க ஏற்ற ஊராகும். நகரின் ஒரு பகுதியான கிடங்கல், சங்ககால ஓய்மா நாட்டுத் தலைவன் நல்லியக்கோடனின் ஊராகச் சிறுபாணாற்றுப்படையில் குறிப்பிடப்படுகிறது. இங்கிருந்து கிழக்கே பிரம்மதேசம், முருக்கேரி வழியாகச் செல்லும் சாலை, கடலை நோக்கி மெல்லத் தாழ்ந்து செல்லும் சமநிலம் ஆகும். ஏற்றங்கள் இல்லாததால் பல்சக்கர அமைப்பு இல்லாத சாதாரண மிதிவண்டியும் போதுமானது. வழியில் ஏரிகளும் நெல் வயல்களும் நிலக்கடலைக் கொல்லைகளும் பனைமரங்களும் உள்ளன. கோடையின் தொடக்கத்தில் தர்பூசணி அறுவடையைக் காணலாம். வழியில் தென்படும் ஏரிகளும் ஓடைகளும் கழுவெளிக்கு நீர் தரும் வலையமைப்பைச் சேர்ந்தவை.

மரக்காணம்

மரக்காணம் உப்பு உற்பத்திக்குப் பெயர்பெற்ற ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும், செங்கடல் செலவு நூலான பெரிப்ளசு குறிப்பிடும் சோபட்மா துறைமுகமும் இதுவே என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

ஊருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் உப்பளங்கள் காணப்படுகின்றன. உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, படியும் உப்பை வாரிக் குவிக்கின்றனர். மழை முடிந்து பாத்திகள் சீரமைக்கப்பட்டபின் ஆண்டின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்து, அடுத்த பருவமழை வரை நடைபெறும். ஆகவே பறவைகள் மிகுந்திருக்கும் மாதங்களும் உப்பு விளையும் மாதங்களும் சிறிதளவே ஒன்றுபடுகின்றன. இரண்டையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோர்க்குப் பெப்ரவரி, மார்ச்சு மாதங்கள் ஏற்றவை.

பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் இப்பகுதியே ஆகும். 1806 இல் சென்னைக்கு வடக்கே தொடங்கப்பட்ட இக்கால்வாய் படிப்படியாக நீட்டிக்கப்பட்டது. 1877–78 பஞ்ச காலத்தில் நிவாரணப் பணியாகப் பெரும் வேலைகள் நடந்தன. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878 இல் இதற்கு இடப்பட்டது. ஆந்திரப் பகுதியையும் சேர்த்து இதன் நீளம் ஏறத்தாழ 420 கி.மீ. ஆகும். உப்பும் விறகும் ஒரு காலத்தில் இதன் வழியே படகுகளில் சென்னைக்குச் சென்றன.

ஆலம்பரைக் கோட்டை

மரக்காணத்திலிருந்து வடக்கே சென்று, கடப்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டையை அடையலாம். இது எடையன்திட்டுக் கழிமுகத்தின் வடகரையில், செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் உள்ளது. 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆற்காடு நவாபு தோஸ்து அலி கானின் ஆட்சியில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு இது கட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. 1750 இல் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1760 இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றிச் சிதைத்தனர். இங்கு நாணயச் சாலையும் படகுத்துறையும் இருந்தன. இடிந்த மதில்களின் மேற்புறத்திலிருந்து கழிமுகம், மணல்திட்டு, கடல் ஆகிய மூன்றும் ஒருங்கே தெரியும். 2004 ஆழிப்பேரலையிலும் எஞ்சிய கட்டடங்கள் சேதமுற்றன. மதில்களின் மேல் ஏறுவது ஆபத்தானது.

மரக்காணம் – புதுச்சேரி

மரக்காணத்திலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரு குறுகிய மணல் மேட்டின் மீது செல்கிறது. இம்மேட்டிற்குக் கிழக்கே கடலும் மேற்கே கழுவெளியும் உள்ளன. சவுக்குத் தோப்புகளும் மீனவர் குப்பங்களும் மாறிமாறி வரும். அனுமந்தை, கூனிமேடு ஆகிய ஊர்களைக் கடந்தால் கீழ்ப்புத்துப்பட்டை அடையலாம். அங்குள்ள ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு, வெட்டப்படாமல் காக்கப்பட்டு வரும் கோயில்காடாகும். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு எவ்வாறு இருந்தது என்பதை அறிய இது ஒரு சான்று. இதற்குத் தெற்கே காலாப்பட்டில் புதுச்சேரி ஒன்றியப் பகுதி தொடங்குகிறது. 1968 இல் நிறுவப்பட்ட ஆரோவில் நகரின் செம்மண் பாதைகளிலும் மிதிவண்டிப் பயணம் பரவலாக உள்ளது.

புதுச்சேரி – திண்டிவனம்

கிளியனூர், ஓமந்தூர் வழியாகச் செல்லும் இந்நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையாகும். ஓமந்தூர், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஊர். விரைவு வண்டிகள் மிகுந்த இச்சாலையைத் தவிர்க்க விரும்புவோர், புதுச்சேரியிலிருந்து தொடர்வண்டியில் விழுப்புரம் சந்திப்பை அடைந்து திரும்பலாம். கூடுதலாக ஒரு நாள் இருந்தால், வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரை கல்மரப் பூங்காவைக் காணலாம். அங்குள்ள மரப் புதைபடிவங்கள் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் பழமையானவை.

பருவமும் காற்றும்

திசைத் தெரிவில் காற்று முக்கியமானது. அக்டோபர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று வீசுவதால், மரக்காணத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்வது எளிது. ஏப்பிரலுக்குப் பின் பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வீசும். அக்காலத்தில் விடியலில் திண்டிவனத்திலிருந்து புறப்பட்டு, கடற்காற்று வலுக்கும் முன் மரக்காணத்தை அடைவது நலம்.

அக்டோபர் முதல் திசம்பர் வரை புயல் எச்சரிக்கைகளைக் கவனித்தல் வேண்டும். 2011 திசம்பர் 30 இல் தானே புயலும், 2024 நவம்பர் 30 இல் ஃபெஞ்சல் புயலும் இக்கரையைத் தாக்கின. ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்திற்கு அருகில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. கனமழைக் காலத்தில் சிற்றூர்களை இணைக்கும் தரைப்பாலங்கள் நீரில் மூழ்குவது உண்டு. ஓடும் நீரில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு கடக்க முயலக் கூடாது.

பறவைகள்

கழுவெளி, மத்திய ஆசிய வலசைப் பாதையில் உள்ள தங்குமிடமாகும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன் முதலிய வலசைப் பறவைகள் குளிர்காலத்தில் வருகின்றன. பூநாரை, சாம்பல் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், நெடுங்கால் உள்ளான் ஆகியவையும் காணப்படுகின்றன. மிதிவண்டி இரைச்சல் எழுப்பாது என்பதால் பறவைகளை ஓரளவு அருகில் காண முடிகிறது. ஆயினும் சாலையை விட்டு ஏரிப்படுகையில் இறங்கினால் கூட்டம் முழுவதும் பறந்துவிடும். நெடுந்தொலைவு கடந்து வந்த பறவைகள் மீண்டும் மீண்டும் விரட்டப்பட்டால், இரைதேடும் நேரத்தையும் சேமித்த கொழுப்பையும் இழக்கின்றன. எனவே கரையில் நின்று இருகண்ணோக்கியால் பார்ப்பதே முறையாகும்.

முன்னேற்பாடுகள்

- சாலையோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் சீமைக்கருவேல முட்கள் மிகுதி. மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், காற்றடிக்கும் பம்பு ஆகியவை தேவை.
- உப்புக் காற்று சங்கிலியையும் திருகாணிகளையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். பயணம் முடிந்ததும் நன்னீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இட வேண்டும்.
- கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதியில் போக்குவரத்து மிகும். தலைக்கவசமும் பின்விளக்கும் இன்றியமையாதவை. இரவுப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும்.
- உப்பளப் பகுதியில் நிழல் இல்லை. குடிநீரை மரக்காணத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு நிலையும் சிக்கல்களும்

தமிழ்நாடு அரசு 2021 திசம்பரில் கழுவெளியின் 5,151.6 எக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகத்தில் இது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் கீழ் சரணாலய எல்லைக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. பறவை வேட்டை தண்டனைக்குரிய குற்றமாகும்.

விளைநிலத்திற்காகவும் இறால் பண்ணைகளுக்காகவும் நேர்ந்த ஆக்கிரமிப்பு, சீமைக்கருவேலப் பரவல், வேட்டை, வேளாண் நிலங்களிலிருந்து வரும் பூச்சிக்கொல்லி ஆகியவை ஏரியைப் பாதித்துள்ள முக்கியக் காரணிகளாகும். மேட்டுப்பகுதி ஏரிகள் தூர்ந்தாலோ அவற்றின் ஓடைகள் அடைபட்டாலோ, கழுவெளிக்கு நன்னீர் வரத்து குறைந்து உவர்ப்பு மிகும். அப்போது நன்னீரை நாடும் வாத்துகளும், ஏரியைச் சுற்றியுள்ள கிணறுகளும் ஒருசேரப் பாதிக்கப்படும். ஆகவே ஏரிக்கு எல்லை வகுப்பதோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. மரக்காணத்திலிருந்து முப்பது கி.மீ. தொலைவில் திண்டிவனத்தை அடுத்துள்ள சிற்றேரிகளையும் அவற்றின் வரத்துக் கால்வாய்களையும் பேணுவதும் இதில் அடங்கும்.