கல்லீரலும் முப்புரிக் கயிறும்

"கல்லீரல்தானே, வெட்டினாலும் தழைச்சுக்கும்" என்று நாமக்கல் பக்கம் குடிக்கிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது பாதி உண்மை. 1931-இல் அமெரிக்காவில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுத்தெடுத்தார்கள். இரண்டு வாரம் போல ஆனதும் மிச்சப் பகுதி பழைய எடைக்கு வளர்ந்துவிட்டது.

மீதிப் பாதி, செல்களைச் சுற்றியுள்ள வலையில் இருக்கிறது. புரத இழைகளாலான அந்த வலைதான் செல்களைத் தாங்குகிறது. அதில் முக்கியமானது கொலாஜன். கல்லீரலில் ஒரு பகுதி போனதும் வலை சற்று இளகும், அதில் தங்கியிருந்த வளர்ச்சிப் பொருள்கள் விடுபடும், செல்கள் பெருகும். பிறகு வலை மறுபடி இறுகும், செல்களும் அடங்கும்.

இந்தக் கொலாஜனின் அமைப்பு பிடிபட்டது நம் சென்னையில் என்பது பலருக்குத் தெரியாது. 1952-இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். வயது முப்பதுதான். அங்கே வந்திருந்த இங்கிலாந்து அறிஞர் பெர்னால், கொலாஜன் புதிர் இன்னும் அவிழவில்லை என்றாராம். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோலில் இருப்பது பெரும்பாலும் கொலாஜன்தானே! அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாணை வாங்கி எக்ஸ்ரே படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் 'நேச்சர்' இதழில் விடையை எழுதினார். மூன்று இழைகள்! மறு ஆண்டு அதை இன்னும் திருத்தமாகச் சொன்னார்கள்: மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன. எங்கள் பக்கம் தேங்காய் நாரில் திரிக்கும் முப்புரிக் கயிறேதான்.

வருடக்கணக்கில் குடித்தால் கல்லீரலில் உள்ள நட்சத்திர வடிவச் செல்கள் இந்தக் கயிற்றை அளவில்லாமல் திரித்துக் குவிக்கும். கல்லீரல் அப்போதும் தழைக்கத்தான் பார்க்கும்; ஆனால் தழும்புகளுக்கு நடுவே முடிச்சு முடிச்சாக. ரத்தம் ஓட வழி குறைந்துவிடும். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லாயெனெக் 1819-இல் இதற்கு 'சிரோஸ்' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அது மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், அவ்வளவே.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் மருத்துவச் சீட்டில் அந்தச் சொல்லைக் காட்டி, "நீங்க பிரெஞ்சு படிச்சவருதானுங்களே, இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றார். நிறத்தை மட்டும் சொன்னேன். அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

ஆரம்பத்திலேயே குடியை விட்டவர்களுக்குத் தழும்பு ஓரளவு கரைகிறது என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவருக்கு அந்தக் கட்டம் தாண்டியிருந்தது.