ஈசியில் தெரியாத கடன்

இன்னைக்கு எபிசோடு ஒரு பழைய வீட்டில் ஆரம்பிக்குது.

போன வருஷம் நானும் அப்பாவும் சென்னைப் புறநகரில் ஒரு தனி வீடு பார்த்தோம். விலை எங்களால் சமாளிக்கிற அளவில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று, அதான் ஈசி, போட்டுப் பார்த்தோம். ஒரு அடமானம்கூட இல்லை. அப்பா அட்வான்ஸ் கொடுக்க ரெடி. வக்கீல் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரிஜினல் பத்திரம் எங்கே?"

விற்பவர், "வீடு மாத்தும்போது தொலைஞ்சு போச்சு சார். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நகல் வாங்கி வெச்சிருக்கேன்" என்றார். வக்கீல் ஃபைலை மூடி எங்களிடம் கொடுத்தார். "ஒரிஜினல் எங்கே இருக்குன்னு தெரியாம ஒரு ரூபாகூடக் கொடுக்காதீங்க."

எனக்குக் கடுப்பு. தினமும் டேட்டாபேஸோட மல்லுக்கட்டுறவன் நான். அரசாங்க ரெக்கார்டில் கடன் இல்லை என்றால் கடன் இல்லை, அவ்வளவுதானே? இல்லையாம். ஏன் என்று தேடினால், கதை 1783இல் இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது.

நிலம் சம்பந்தமான ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று அங்கே 1677இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படி இருந்தும் ஒருவர் தன் குத்தகைப் பத்திரத்தை இன்னொருவர் கையில் கொடுத்துக் கடன் வாங்கினார். பிறகு திவாலானார். கடன் கொடுத்தவரிடம் அடமானப் பத்திரம் எதுவும் கிடையாது, அந்தக் குத்தகைப் பத்திரம் மட்டும்தான். ரஸ்ஸல் எதிர் ரஸ்ஸல் என்ற அந்த வழக்கில், கடனுக்கு ஈடாகப் பத்திரத்தைக் கொடுத்து வைத்ததே அடமானம்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வியாபாரிகளுக்கு இது ரொம்ப வசதி. அவசரமாகப் பணம் வேண்டுமா? பத்திரத்தைக் கொடு, பணத்தை வாங்கு. இந்த வழக்கம் நம்ம ஊருக்கும் வந்தது. மதராஸிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வர்தன் சேத் சாம் வழக்கில், பத்திரத்தை ஒப்படைப்பதால் சொத்தின் மீது பிடிமானம் உண்டாகும் என்று 1862இல் தீர்ப்பு வந்தது.

அடுத்து 1882, சொத்து மாற்றுச் சட்டம். நூறு ரூபாயோ அதற்கு மேலோ கடன் என்றால், அடமானத்துக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் கல்கத்தா, மதராஸ், பம்பாய் மாதிரி வியாபார நகரங்களுக்கு ஒரு விலக்கு. அங்கே பத்திரத்தைக் கைமாற்றினாலே அடமானம் ஆகிவிடும். இன்று இது 58ஆம் பிரிவில் இருக்கிறது, அரசு அறிவிக்கும் மற்ற ஊர்களுக்கும் பொருந்தும். இன்னொரு விஷயம், சொத்து அந்த ஊரில் இருக்க வேண்டியதில்லை. பத்திரம் அங்கே கைமாறினால் போதும். உசிலம்பட்டி நிலத்தின் பத்திரத்தைச் சென்னையில் கொடுத்தும் கடன் வாங்கலாம்.

இப்போ ஈசிக்கு வருவோம். அது ரிஜிஸ்டர் ஆபீஸ் புத்தகத்தில் தேடி எடுத்த பட்டியல். எழுதப்படாத எதுவும் அதில் வராது. பதிவே தேவையில்லை என்று சட்டம் விலக்கு கொடுத்த கடன் அதில் எப்படித் தெரியும்? நான் பிழை என்று நினைத்தது உண்மையில் வியாபாரிகளுக்காகத் தெரிந்தே விட்ட வழி.

இந்த வழியில் ஒரே சொத்தைக் காட்டி இரண்டு, மூன்று வங்கியில் கடன் வாங்கிய மோசடிகளும் நடந்தன. அதைத் தடுக்க மத்திய அரசு 2011இல் செர்சாய் என்ற பதிவகத்தைத் தொடங்கியது. கட்டணம் கட்டி யாரும் அதில் தேடலாம். தமிழ்நாடு 2012இல் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, பத்திர ஒப்படைப்பு பற்றி எழுதும் ஆவணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்றது. வீட்டுக் கடன் வாங்கும்போது எம்ஓடி என்று ஒன்று போடுவார்களே, அதுதான்.

அதனால் லோனை வேறு வங்கிக்கு மாற்றுபவர்கள் கவனிங்க. பழைய கடனை அடைத்தால் மட்டும் போதாது. பழைய எம்ஓடிக்கு ரசீது பதிவாகியிருக்கிறதா என்று ஈசியில் பாருங்க. இல்லாவிட்டால், பத்து வருஷம் கழித்து விற்கும்போது அந்தக் கடன் உயிரோடு இருக்கிற மாதிரியே தெரியும். கடனை முழுசாக அடைத்தால் 30 நாளுக்குள் ஒரிஜினலைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு.

ஆனாலும் ஒரு ஓட்டை இருக்கு. வங்கி இல்லாமல் தனியாரிடம், எழுத்தே இல்லாமல் பத்திரத்தைக் கொடுத்துப் பணம் வாங்கினால் பதிய என்ன இருக்கிறது? ஈசியிலும் வராது, செர்சாயிலும் வராது. தொலைந்தது நிஜம் என்றால் போலீஸ் புகார், 'நான் டிரேசபிள்' சான்று, பேப்பர் விளம்பரம் எல்லாம் கேட்கச் சொல்வது இதற்குத்தான். விளம்பரத்தைப் பார்த்து, பத்திரம் வைத்திருப்பவர் வெளியே வரட்டும் என்று.

நாங்கள் அந்தச் சான்றைக் கேட்டோம். விற்பவர் அதன் பிறகு போனே எடுக்கவில்லை. மூணு மாசம் கழித்து புரோக்கரே சொன்னார்: ஒரிஜினல் ஒரு வட்டிக்காரர் வீட்டு பீரோவில் இருக்காம். அவசரப்பட்டு வாங்கியிருந்தால், வீட்டோடு சேர்த்து அந்தக் கடனும் எங்கள் தலையில் வந்திருக்கும். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அது அவர் ரிட்டயர்மென்ட் பணம்.

இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது உங்க வீட்டில் ஒரு கேள்வி கேளுங்க: நம்ம ஒரிஜினல் பத்திரம் இப்போ எங்கே இருக்கு? அடுத்த எபிசோடில் பட்டா பற்றிப் பேசலாம்.