பாரியின் தேரும் தக்காளிக் குச்சியும்

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் கதை நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். பற்றிப் படர ஒரு கொம்பு இல்லாமல் தவித்த கொடிக்காகத் தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்து போனான். அவனுடைய பறம்பு மலை இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பார்கள். சிறுபாணாற்றுப்படை சொல்லும் அதே ஏழு வள்ளல்கள் வரிசையில் பேகனும் உண்டு. மயிலுக்குப் போர்வை தந்தவன், பழனி மலைப் பக்கத்துத் தலைவன்.

பாரியின் கொடையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் ஒரு தோட்டக்காரர் இந்தக் கதையைக் கேட்டால் வேறு ஒரு கேள்வி கேட்பார். "சரி, அடுத்த வருஷம் அந்தத் தேர் என்ன ஆச்சு?" வெயிலிலும் மழையிலும் கிடந்த மரத்தேர் உளுத்துத்தானே போயிருக்கும்! கொடிக்குக் கொம்பு கொடுப்பது ஒரு நாள் வேலை. அந்தக் கொம்பை அடுத்தடுத்த வருஷமும் பயன்படும்படி செய்வதுதான் பெரிய வேலை. பேகனின் பழனி மலையில், பெருமாள்மலையைச் சுற்றி மேலும் கீழும் பார்த்தால் இந்தக் கேள்விக்கு நம் மக்கள் கண்டுபிடித்த விடைகள் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன.

வெற்றிலைக்கு அகத்தி

கொடைக்கானல் மலைப்பாதை தொடங்கும் வத்தலக்குண்டுக்கு வெற்றிலைக்குண்டு என்பதே பழைய பெயர் என்று சொல்வார்கள். வெற்றிலைத் தோட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? கொடிக்கால். கொடியையும் அதைத் தாங்கும் காலையும் சேர்த்தே தோட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

இங்கே கால் என்பது வெட்டி நட்ட கம்பு அல்ல, உயிருள்ள அகத்தி. முதலில் அகத்தி விதைப்பார்கள். அது வளர்ந்த பிறகு அதன் அடியில் வெற்றிலைக் கொடியை நட்டு, ஒரு சாணுக்கு ஒரு கட்டாக வாழை நாரால் தளர்வாகக் கட்டுவார்கள். அகத்தி நிழல் தருகிறது, அதன் தழை ஆடு மாடுகளுக்குத் தீனியாகிறது, மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்கிறது. கொடி ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 3 மீட்டர் உயரம் போய்விடும். அப்போது அதை அவிழ்த்து இறக்கி, கீழே வளைத்து வைத்து, மறுபடி ஏற்றுவார்கள். கால் அதே கால்தான், கொடி மட்டும் புதிதாகத் துளிர்த்து ஏறுகிறது.

மிளகுக்கு மரம்

மலையில் ஏறினால் காப்பித் தோட்டங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலைப் பக்கங்களில் காப்பிக்கு நிழல் தர வளர்த்த மரங்களே மிளகுக் கொடிக்கும் கொம்பு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கும், நம் ஊர்க் கல்யாண முருங்கையும் இதற்குப் பேர் போனவை. ஒரு முறை வைத்தால் பல வருஷத்துக்குக் கவலை இல்லை.

ஆனால் உயிருள்ள கொம்புக்கு நோயும் உண்டு. 2005-க்குப் பிறகு கேரளத்திலும் மற்றத் தென்னிந்தியப் பகுதிகளிலும் ஒரு சின்னஞ்சிறு குளவி இனப் பூச்சி கல்யாண முருங்கையைத் தாக்கியது. இலைகளிலும் கிளைகளிலும் முடிச்சு முடிச்சாக வீங்கி மரங்கள் பட்டுப்போயின. மிளகுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், தாங்கிய மரம் போனால் கொடி என்ன செய்யும்?

சௌசௌவுக்குக் கல்

இதே மலைச்சரிவுகளில் சௌசௌ பெரிய பயிர். இதுவும் தக்காளி மாதிரி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிதான். காய் கனமாக இருக்கும், கொடி பல வருஷம் நிற்கும். மரக்கம்பு நட்டால் கரையான் அரிக்கும், மழையில் அழுகும். அதனால் வசதி உள்ளவர்கள் கல்தூண் நட்டு, மேலே துருப்பிடிக்காத பூச்சுக் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிப் பந்தல் போட்டார்கள். சமவெளியில் பாகல், புடலை, பீர்க்கன், திராட்சை எல்லாம் இதே பந்தலில்தான் விளைகின்றன. கல் உளுக்காது. கம்பியை மட்டும் அவ்வப்போது மாற்றினால் போதும்.

தக்காளி வந்த கதை

தக்காளி என்ற சொல் நமக்குப் பழையது, பழம்தான் புதியது! மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் இங்கேயே இருந்தன. தென் அமெரிக்காவில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, ஐரோப்பா போய், போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த செடியைப் பார்த்த நம்மவர்கள் அதைச் சீமைத் தக்காளி என்றார்கள். பிறகு 'சீமை' உதிர்ந்துவிட்டது.

இந்தச் செடியின் இயல்பு விசித்திரமானது. நீண்டுகொண்டே போகும், ஆனால் பற்றிக்கொள்ளத் தெரியாது. பாகலுக்குப் பற்றுக்கம்பி உண்டு, மிளகுக்குப் பற்று வேர் உண்டு, அவரை தானே சுற்றிக்கொண்டு ஏறும். தக்காளிக்கு இதில் எதுவும் இல்லை. யாராவது கட்டிவிட்டால்தான் நிற்கும். இல்லையென்றால் தரையில் படுத்து, காய் மண்ணில் பட்டு அழுகும்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கொம்பு கொடுப்பது. இன்னொன்று, கொம்பே வேண்டாத செடியை உண்டாக்குவது. 1914-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஓர் அளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் தக்காளிச் செடி ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. குட்டை ரகங்களின் காலம் அதிலிருந்து தொடங்கியது.

நம் மலையடிவாரத்திலும் இந்தக் கதைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகக் கீழே இறங்கினால் பெரியகுளம். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்தில் செயற்கையாக மரபு மாற்றத்தைத் தூண்டி, அதிலிருந்து ஓர் அடக்கமான செடியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1978-ல் வெளியான அந்த ரகம்தான் பி.கே.எம்.1. பி.கே.எம். என்றால் பெரியகுளம். லாரியில் தூரம் போனாலும் தாங்கும் பழம் என்பதால் உழவர்களுக்குப் பிடித்துப்போனது. கொம்பு வாங்கப் பணம் இல்லாதவரும் தக்காளி போடலாம் என்று ஆனது.

மறுபடி உயர்ந்த தக்காளி

பிறகு வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. உயரமாக வளர்ந்து, பல மாதம் காய்க்கும் செடிகள். பழையபடி குச்சி, கயிறு, கட்டுக்கூலி! கம்பு எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் கூடவே வந்தது. பழனி மலையில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வாட்டிலும் யூகலிப்டஸும் சோலையையும் புல்வெளியையும் விழுங்கிய வரலாறு நமக்குத் தெரியும். 2013-ல் இங்கே கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டு ஓரத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு பருவத்துக்கும் புதுக் கம்பு வெட்டுவது எத்தனை நாளைக்கு நடக்கும்?

எனவே சௌசௌப் பந்தலின் பாடத்தையே தக்காளிக்கும் எடுத்துக்கொள்ளலாம். வரிசையின் இரு முனையிலும் 8 அடித் தூணை 2 அடி ஆழத்தில், சற்று வெளிப்பக்கம் சாய்த்து நட வேண்டும். தூண் உள்ளே இழுபடாமல் இருக்க, மண்ணில் புதைத்த ஒரு கல்லோடு கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். இடையிடையே தூண் வைத்து, மேலே ஒரே ஒரு கம்பி. அதிலிருந்து செடிக்கு ஒரு கயிறு. பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைக் கயிற்றில் சுற்றி ஏற்ற வேண்டும். செடி கம்பியைத் தொட்டதும் கயிற்றைத் தளர்த்தி, தண்டைச் சாய்த்து இறக்க வேண்டும். உலகம் முழுக்கப் பசுமைக்குடில்களில் இன்று செய்வது இதைத்தான். வத்தலக்குண்டுக் கொடிக்கால்காரருக்கு இதில் புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை!

ஒரு எச்சரிக்கை. கல்லை நகர்த்த முடியாது என்பதால் பயிரைத்தான் மாற்ற வேண்டும். அதே இடத்தில் தக்காளிக்குப் பின் தக்காளி போட்டால் வாடல் நோய் மண்ணில் தங்கிவிடும். கத்திரி, மிளகாய், உருளைக்கிழங்கும் அதே குடும்பம்தான். அடுத்த பருவம் அதே கம்பியில் பாகலோ அவரையோ ஏறட்டும். பழைய கயிற்றில் நோய்க்கிருமி ஒட்டியிருக்கும், அதை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

யாருக்குக் கல், யாருக்குக் குச்சி?

கல்பந்தல் இவ்வளவு நல்லது என்றால் எல்லோரும் ஏன் போடவில்லை? சொந்த நிலம் உள்ளவர் கல் நடுவார். குத்தகைக்காரர் அடுத்த வருஷம் அந்த நிலத்தில் இருப்போமா என்று தெரியாமல் எப்படிக் கல் நடுவார்? அவர் குச்சிதான் நடுவார். பந்தலுக்கு அரசு மானியம் இருந்தாலும், நிலம் தன் பெயரில் இல்லாதவருக்கு அது எளிதில் எட்டாது.

விலையும் ஒரு காரணம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. வேறு பருவங்களில் பறிகூலிக்கே கட்டாமல் ரோட்டில் கொட்டுகிறார்கள். இப்படி ஆடும் விலையை நம்பிப் பல வருஷத்துக்கான முதலீட்டை யார் போடுவார்கள்?

தக்காளிக்குக் கொம்பு இல்லை என்பது இயற்கை. அதை நட்டவருக்கும் பற்றிக்கொள்ள ஒன்று இல்லை என்பது நாம் செய்தது. கழற்றி மாட்டக்கூடிய இரும்புக் குழாய்ப் பந்தல் குத்தகைக்காரருக்கு ஒரு வழி. குத்தகை மாறினால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். பாரியும் அந்தத் தேரைக் கொஞ்ச நாள் கழித்து ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம், முல்லை அதற்குள் வேறு கொம்பைப் பிடித்திருந்தால்!