ஐந்து டிகிரி பாரா

திருவெள்ளறையிலிருந்து துறையூர் ரோட்டு பஸ்ஸைப் பிடித்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, டைப் அடிக்கப் பழகிய தலைமுறை எங்களுடையது. ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. வேகத்துக்கு ஒரு தாள், லெட்டருக்கும் ஸ்டேட்மென்ட்டுக்கும் இன்னொரு தாள். பலருக்கு வேகத்தாள் என்றால்தான் பயம். எனக்குப் பிடித்தது ஸ்டேட்மென்ட். இன்று பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். டேபா, ஸ்பேஸா என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் அந்தத் தாளிலிருந்துதான் பதிலைத் தொடங்குவேன்.

ரெமிங்டனோ கோத்ரெஜோ, எந்த மெஷினிலும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான். அந்த ஓர் எழுத்தகலத்தைத்தான் டிகிரி என்போம். பைகா எழுத்தில் அங்குலத்துக்குப் பத்து டிகிரி. பாரா தொடங்க ஐந்து டிகிரி உள்ளே தள்ள வேண்டும். ஸ்டேட்மென்ட் என்றால் வேலை கூடுதல். வரிசை எண், பெயர், தொகை என ஒவ்வொரு பத்தியிலும் நீளமான சொல்லை எண்ணி, மிஞ்சும் இடத்தைப் பங்கிட்டு, பத்தி தொடங்கும் டிகிரியில் கேரேஜை நிறுத்தி டேப் செட்டை அழுத்துவோம். அதன்பின் டேபுலேட்டரைத் தட்டினால் போதும், வில் இழுக்க கேரேஜ் ஓடிப்போய்ச் சரியாக அங்கே நிற்கும். தாள் முடிந்ததும் டேப் கிளியர். தாளில் டேப் என்று எதுவும் பதிவதில்லை, வெற்றிடம் மட்டுமே விழும். கணக்கு மெஷினோடு நின்றுவிடும். தாள் எந்த ஆபீஸுக்குப் போனாலும் பத்தி ஒரு டிகிரி அசையாது.

கணினி இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. 1963இல் வெளியான ஆஸ்கி குறியீட்டு வரிசையில் டேபுக்கு 9ஆம் எண், ஸ்பேஸுக்கு 32. சாவியைத் தட்டியது கோப்பில் ஓர் எழுத்தாகப் பதிந்துவிட்டது, எத்தனை டிகிரி என்பது பதியவில்லை. யூனிக்ஸில் எட்டு டிகிரிக்கு ஒரு நிறுத்தம் என்பது வழக்கமானது. பின்னால் வந்த எடிட்டர்களில் அவரவர் விருப்பப்படி நான்கு, இரண்டு என்று வைத்துக்கொண்டார்கள். ஒரே கோப்பு ஒவ்வொருவர் திரையிலும் ஒவ்வொரு விதமாக நின்றது.

இடைவெளியைப் படிப்பவர் பொறுப்பில் விடுவது பழைய வழக்கம்தான். எங்கள் ஊர் ஸ்வஸ்திக் கிணற்றில், தந்திவர்ம பல்லவன் காலத்தில் கம்பன் அரையன் எடுப்பித்த மார்ப்பிடுகு பெருங்கிணற்றில், கல்வெட்டு இருக்கிறது. வேலை மன்னனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் முடிந்ததென்று சொல்லும் அந்த எழுத்துகள், சொல்லுக்குச் சொல் இடம் விடாமல் ஒரே ஓட்டமாக வெட்டப்பட்டவை. கல்வெட்டாளர்கள் பொருள் பார்த்துப் பிரித்து அச்சேற்றினார்கள். மெஷினுக்குப் பொருள் பார்க்கத் தெரியாது.

பைத்தானில் இது உயிர்ப் பிரச்சினை, ஏனென்றால் அங்கே உள்தள்ளல்தான் இலக்கணம். பைத்தான் 2 டேபை எட்டின் மடங்காகவே எடுத்துக்கொள்ளும். நான்கு காட்டும் எடிட்டரில் ஒரு வரியை டேபிலும் அடுத்த வரியை நான்கு ஸ்பேஸிலும் தொடங்கினால் கண்ணுக்கு நேராகத் தெரியும், மொழிக்கோ இரண்டும் வெவ்வேறு படிகள். 2001இல் கீடோ வான் ராசமும் தோழர்களும் எழுதிய பெப் 8 வழிகாட்டி நான்கு ஸ்பேஸைப் பரிந்துரைத்தது. 2008இல் வந்த பைத்தான் 3, குழப்பம் தரும் கலப்பை ஏற்கவே மறுத்துவிட்டது.

டேபை ஸ்பேஸாக மாற்றும் கருவி அதற்கு வெகு முன்பே இருந்தது. பெர்க்லியிலிருந்து 1978இல் வந்த முதல் யூனிக்ஸ் தொகுப்பிலேயே ‘எக்ஸ்பாண்ட்’ உண்டு. டேப் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு எட்டு ஸ்பேஸ் போடும் கருவி அல்ல அது. வரியில் ஏற்கெனவே மூன்று எழுத்து இருந்தால் ஐந்து ஸ்பேஸ் போடும், ஏழு இருந்தால் ஒன்றே ஒன்று. அடுத்த நிறுத்தம் வரை நகர்த்துவதுதான் அதன் வேலை, கேரேஜ் செய்த அதே வேலை. தேடி மாற்றும் வசதியால் டேபையெல்லாம் எட்டு ஸ்பேஸாக்கினால் வரிநடுவில் இருக்கும் பத்திகள் சிதறிவிடும். வரித்தொடக்கத்து டேபை மட்டும் மாற்றவும் லினக்ஸில் வழியிருக்கிறது. மேற்கோள் குறிக்குள் யாரோ வேண்டுமென்றே வைத்த டேபைத் தொடாமலிருக்க அதுவே நல்லது.

ஸ்பேஸ்தான் எப்போதும் சரி என்று நான் சொல்லமாட்டேன். கண் பார்வை குறைந்தவர்களுக்குத் தங்கள் திரையில் அகலத்தை மாற்றிக்கொள்ள டேப்தான் வசதி. லினக்ஸ் கெர்னல் இன்றும் எட்டு டிகிரி டேபில்தான் எழுதப்படுகிறது. ஆனாலும் ஒரு நிரலைப் பலர் கைமாற்றிப் படிக்கும் இடத்தில், தாளில் விழுந்தது தாளிலேயே இருக்கட்டும் என்பதே என் கட்சி.

‘மேக்’ என்ற கருவிக்குக் கட்டளை தரும் மேக்ஃபைலை மட்டும் தொடக்கூடாது. பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் ‘மேக்’ கருவியை எழுதியபோது, கட்டளை வரி டேபில் தொடங்க வேண்டும் என்று வைத்தார். மாற்றலாம் என்று தோன்றுவதற்குள், சில வாரங்களிலேயே, பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைச் சிரமப்படுத்த மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் சொன்னார். அதனால் ஒரு புராஜெக்ட் முழுவதையும் ஸ்பேஸுக்கு மாற்றும் பிள்ளைகளிடம் அந்தக் கோப்பை முதலில் தனியே எடுத்து வைக்கச் சொல்கிறேன். மறந்து மாற்றிவிட்டால் குனு மேக் அந்த வரியிலேயே நின்று, எட்டு ஸ்பேஸுக்குப் பதிலாக டேப் போட நினைத்தீர்களா என்று கேட்கும்.