படகின் ஆழமானி பதிந்த சுனாமி



"கடல் உள்ளுக்குப் போனாத்தானே சுனாமி வரும், சேர்?" தேற்றாத்தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று கேட்டது. 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளை. இதற்குப் பிழையான பதில் சொன்னால் ஒருநாள் உயிர் போகலாம். அதனால்தான் இந்தப் பதிவு.

2004 டிசெம்பர் 26. தாய்லாந்தின் புக்கெட் தீவில், நை ஹார்ன் கடற்கரைக்கு அப்பால், 'மெர்கேட்டர்' என்ற பெல்ஜியப் பாய்மரப் படகு சுமார் 12 மீற்றர் ஆழத்தில் நங்கூரமிட்டு நின்றது. அதில் ஒரு சாதாரண ஆழமானி இருந்தது. ஒலியைக் கீழே அனுப்பி, அது கடலடியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழம் சொல்லும் கருவி. படகு தரை தட்டாமல் இருப்பதற்காக வைத்தது, அன்று சுனாமியையே பதிந்துவிட்டது. முதலில் ஆழம் குறைந்தது, பிறகு ஏறியது. தாழ்வுக்கும் உச்சிக்கும் இடையே 6 மீற்றருக்கும் அதிகம். பின்னாளில் விஞ்ஞானிகள் தங்கள் கணினிக் கணிப்புகளைச் சரிபார்த்தது இந்தப் பதிவை வைத்துத்தான்.

ஆனால் எங்கள் பக்கம் கதை வேறு. சுமாத்திரா பிளவின் மேற்குப் பக்கக் கடலடி உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் வற்றியது. எங்கள் கிழக்குக் கரைக்கு முதலில் வந்ததே உயர்ந்த நீர்தான். உள்வாங்கும் வரை காத்திருந்தால் ஓட நேரம் இருக்காது.

நிலநடுக்கம் அப்போதைய எங்கள் நேரப்படி காலை 6.59க்கு. 4,000 மீற்றர் ஆழ்கடலில் சுனாமி மணிக்கு சுமார் 700 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். சுமார் இரண்டு மணித்தியாலத்தில் அலை எங்களிடம் வந்தது. அந்த நேரம் போதுமாக இருந்தது. சொல்வதற்குத்தான் ஆளில்லை. ஆழ்கடல் அலைமானிகள் பசிபிக்கில் இருந்தன, இந்து சமுத்திரத்தில் இல்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

அந்த அலைமானி பார்ப்பது ஆழத்தை அல்ல, கடலடியில் நீரின் அழுத்தத்தை. காற்றில் எழும் சிற்றலை அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது, சுனாமி எட்டும். தாய்லாந்து 2006 டிசெம்பரில் அப்படியொரு மிதவையைக் கடலில் இறக்கியது. 2007 ஒக்டோபரில் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் தொடங்கியது.

ஆனாலும் கருவி அளக்கும், ஓட வேண்டியது நாம்தான். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறோம். எந்த வழியால் போவது, வீட்டிலுள்ள வயதானவரை யார் தூக்குவது என்று இன்றிரவே பிள்ளைகளோடு இருந்து பேசி வையுங்கள்.