குசுஷி: தள்ளுதலை எதிர்கொள்ளும் ஜூடோக் கோட்பாடு

குசுஷி என்பது எதிராளியின் சமநிலையைக் குலைக்கும் ஜூடோக் கோட்பாடு. ஜப்பானியக் கல்வியாளர் கானோ ஜிகோரோ 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கொடோகான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி, பழைய ஜுஜுட்சு மரபுகளிலிருந்து ஜூடோவை உருவாக்கினார். எதிராளியை வீழ்த்தும் செயலை அவர் மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: சமநிலையைக் குலைக்கும் குசுஷி, வீழ்த்துவதற்கேற்பத் தம் உடலைப் பொருத்திக்கொள்ளும் ட்சுகுரி, வீழ்த்தி முடிக்கும் காகே. பார்ப்பவர் கண்ணில் படுவது கடைசிக் கட்டம். முடிவைத் தீர்மானிப்பதோ முதல் கட்டம். விட்டுக்கொடுப்பதே ஜூடோவின் சாரம் என்ற பரவலான கருத்து பாதி உண்மைதான். விட்டுக்கொடுத்தல் குசுஷிக்கான வழிகளுள் ஒன்று. அதுவே நோக்கம் அன்று.

நிற்கும் உடல் விழாமலிருக்க, அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு இரு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பும் சேர்ந்த தளத்துக்குள் இருக்கவேண்டும். பலமாகத் தள்ளுபவர் எடையை முன்னே சாய்க்கிறார்; எதிரே இருப்பவரின் எதிர்ப்பே அவருக்கு மூன்றாவது காலாக முட்டுக்கொடுக்கிறது. அந்த முட்டு சட்டென விலகினால், கோடு கால்விரல்களைத் தாண்டிவிடும். கானோ இதை எண்களால் விளக்கினார்: எதிராளியின் பலம் 10, நம் பலம் 7 என்றால் நேர்மோதலில் தோல்வி நிச்சயம், பின்வாங்கி அவரைத் தடுமாறவைத்தால் அவர் பலம் 3ஆகக் குறையும், நம் பலத்தில் பாதியே போதும். வீழ்த்தும் உத்திகளை முறைப்படி செய்துகாட்டும் நாகே நோ காத்தா வரிசையின் முதல் உத்தியான உகி ஒதோஷி இதற்குத் தெளிவான சான்று. முன்னேறி வருபவருடன் வீழ்த்துபவர் பின்வாங்கி, மூன்றாம் அடியில் இடது முழங்காலைத் தரையில் ஊன்றிக் கீழ்நோக்கி இழுக்கிறார். காலால் தட்டுவதில்லை, இடுப்பால் தூக்குவதில்லை. எதிராளி அடுத்த அடி எடுத்துவைத்துச் சுதாரிப்பதற்குள் கைகளின் இழுப்பிலேயே விழுகிறார்.

இக்கோட்பாட்டுக்கு மறுப்புகள் உண்டு. வெடுக்கென்று தள்ளிவிட்டுக் கையை மீட்டுக்கொள்பவர் எடையைச் சாய்ப்பதில்லையே என்பார்கள். உண்மைதான்; அங்கே வீழ்த்த முயல்வது வீண். பக்கவாட்டில் திரும்பி விலகித் தம் நிலையைக் காத்துக்கொண்டாலே தற்காப்பு நிறைவேறும். குசுஷி பலத்தை வெல்லுமானால் ஜூடோப் போட்டிகளில் எடைப்பிரிவுகள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. தேர்ந்த இருவர் மோதும்போது இருவருமே சமநிலையை எளிதில் இழப்பதில்லை. அப்போது எடையும் பலமும் மேலோங்குகின்றன. ஆகவே எடைப்பிரிவு இக்கோட்பாட்டைப் பொய்யாக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. பின்னாலிருந்து இறுகக் கட்டிப்பிடிப்பவரிடம் விட்டுக்கொடுப்பதால் பயனில்லை என்பதைக் கானோவே எடுத்துக்காட்டினார். ஆற்றலை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்துதல் என்ற விரிந்த நெறியை அவர் வகுத்தது இதனால்தான்.

1956இல் கொடோகான் வகுத்த கோஷின் ஜுட்சு என்னும் தற்காப்பு வரிசையில் இந்த நெறி தெரிகிறது. அதன் 21 உத்திகளுள் ஒன்றில், தாக்குபவர் எதிரே நிற்பவரின் இடதுபக்கச் சட்டை மடிப்பைப் பற்றித் தள்ளுகிறார். தற்காப்பவர் இடது காலைப் பின்வைத்துத் தள்ளலை வாங்கிக்கொள்கிறார். ஆனால் அதோடு நிற்பதில்லை. உடனே முகத்தை நோக்கிக் கையை வீசி, மணிக்கட்டைப் பற்றி முறுக்கி, முழங்கையை அழுத்திக் கீழே கிடத்துகிறார். பின்வாங்கலும் தாக்குதலும் இங்கே முரண்படவில்லை. சமநிலை குலைந்த அந்தக் கணத்தைப் பயன்படுத்தவே இரண்டும் வருகின்றன. எனவே தற்காப்புக் கற்பவர் உத்திகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, தள்ளுபவரின் எடை எப்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கையால் உணரப் பழகுவதே முதன்மையான பயிற்சி.