குருக்கள்மடமும் வைகாசித் திருநாள்களும்

மட்டக்களப்பு நகரினின்று கல்முனை நோக்கிச் செல்லும் கரையோரப் பெருந்தெருவிலே, கிரான்குளத்திற்கும் செட்டிபாளையத்திற்கும் இடையே அமைந்த ஊர் குருக்கள்மடம். கிழக்கே வங்கக் கடல்; மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பாலுள்ள வயல் நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுமிடமும் படுமிடமுமே இரு கரைகளுக்கும் பெயராயின. குருக்கள்மடத்துத் துறையிலே ஏறுவோர் 'பாதை'யின் வழியே வாவியைக் கடந்து அம்பிளாந்துறையை அடைவர். பாதை என்றது ஈண்டு நிலவழியைக் குறித்ததன்று. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை அவ்வாறு அழைத்தல் ஈழத்து வழக்கு.

கடலும் வாவியும் பெருந்தெருவும் அணித்தே அமையப்பெற்ற இவ்வூருக்குச் செய்தி வருங்காலம் கோடையே. மாரியிலே வாடைக் காற்று வீசுகின்ற பொழுது கிழக்குக் கடல் கொந்தளிக்கும். ஆற்று முகங்கள் உடைத்துப் பாயும். தாழ்ந்த நிலத்து வழிகள் நீரில் மூழ்கும். சித்திரை கழிந்து கச்சான் எழுந்ததும் நிலைமை மாறுகின்றது. அக்காற்று மேற்குமலைகளைக் கடந்து உலர்ந்து வருவதாதலின், வயலைக் காயச் செய்யினும் கடலைத் தணியச் செய்கின்றது. பாய்க்கப்பல் காலத்திலே அயல்நாட்டார் இக்கரையை நாடியதும் பெரும்பாலும் இப்பருவத்திலேயாம். ஒல்லாந்தரின் தூதனாகிய யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்ட நாள் 1602 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் நாள். அவன் இங்கிருந்தே கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டான்.

கடல்வழியினும் பெரிது நிலவழி. கதிர்காமத்து ஆடித் திருவிழாவைக் கருதி வடக்கேயிருந்து கால்நடையாகப் புறப்படும் அடியார் கூட்டம், மட்டக்களப்பைக் கடந்து, எழுவான்கரை வழியே திருக்கோவிலுக்கும் உகந்தைக்கும் சென்று, அங்கிருந்து குமணைக் காட்டினுட் புகும். வழியிலுள்ள ஊர்கள் அவர்க்கு நீரும் மோரும் உணவும் தங்குமிடமும் அளித்தன. மடம் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர், வழிப்போக்கரை அறியாத ஊராய் இருந்திருத்தல் அரிது. செய்தித்தாள் பரவாத நாளிலே, வடக்கில் மழை பொய்த்ததும், கொள்ளைநோய் பரவியதும், நெல் விலை ஏறியதும் இத்தகைய கூட்டத்தார் வாய்மொழியாகவே கரையூர்களை எட்டின. சோறிட்டவர்க்குச் செய்தி கைம்மாறாகக் கிடைத்தது எனலாம்.

இனி, தேசம் என்னும் சொல்லை நோக்குதல் வேண்டும். தேசப்பற்று, தேசியவிழா என்பன இக்காலத்தார் அரசின் கொடியோடு இணைத்துப் பேசும் சொற்கள். மட்டக்களப்பிலோ தேசம் என்பதற்கு வேறொரு பழம்பொருள் உண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலும், மண்டூர் முருகன் கோயிலும், திருக்கோவிற் சித்திரவேலாயுதர் கோயிலும் 'தேசத்துக் கோயில்' எனப்படும். ஓரூர்க்கு மட்டும் உரியதாகாது, பல ஊர்களும் பல குடிகளும் பங்கும் கடமையும் உடையனவாய் ஒருங்கு நடத்தும் கோயில் என்பதே அதன் கருத்து. இன்ன திருவிழா இன்னாருக்கு, இன்ன தொண்டு இன்ன குடிக்கு என்னும் முறை ஏடுகளிலே எழுதப்பெற்றது. அவ்வேடுகளைக் 'கல்வெட்டு' என்றே இப்பகுதியார் அழைத்தனர். கல்லில் வெட்டாததைக் கல்வெட்டு என்றழைத்த துணிவே அவற்றின்மீது அவர்கள் கொண்ட மதிப்பைக் காட்டும். அம்முறைப்படி குடிகளை அழைத்துச் சிறப்புச் செய்யும் பொழுது, அழைக்கப்படாத குடி தேசத்தில் இடமற்றதாகக் கருதப்பட்டது. வழக்குகளும் பகைகளும் இதன்பொருட்டே மூண்டன. அக்குறையை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

இக்குடிமுறை தாய்வழியே வருவது என்பதும், தமிழர்க்கும் முசுலிம்களுக்கும் பொதுவாய் இப்பகுதியில் நிலவியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. கோயிலுக்கு வண்ணக்கர் இருந்தவாறே பள்ளிவாயிலுக்கு மரைக்காயர் இருந்தனர். இருவரும் தத்தம் குடியின் சார்பாகவே நின்றனர். மகளுக்கே வீட்டைக் கொடுக்கும் வழக்கமும் இரு சாராரிடத்தும் ஒன்றே.

தேசத்துக் கோயில்களின் பெருவிழாக்கள் ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி வருவன. அவற்றிற்கு முன்னர் வைகாசியிலே ஊர்தோறும் எழுவது கண்ணகை அம்மன் சடங்கு. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய இடங்களிலே ஆண்டிற்கொருமுறை திருக்கதவு திறந்து, கலியாணக்கால் நட்டு, இரவிலே வழக்குரை பாடி, ஈற்றிற் குளிர்த்தி நிகழ்த்துவர். மதுரையை எரித்த சினம் ஆறவேண்டும் என்பது அதன் உட்பொருள். வெப்பு நோய்கள் பரவுகின்ற வெயிற்பருவத்திற்கு ஏற்ற சடங்கு என்பது வெளிப்பொருள். வழக்குரையின் நடுப்பொருள் யாது? முடியுடைய அரசன் ஒருவன் ஆராயாது தீர்ப்பளித்தான் என்பதும், துணையற்ற பெண்ணொருத்தி அவன் அவையிலேயே அதனை மெய்ப்பித்தாள் என்பதுமே. அரசைப் புகழ்வதற்கன்றி, அரசு பிழைத்த செய்தியை ஆண்டுதோறும் மறவாமற் பாடுதற்கு ஒரு நாட்டார் கூடினர் என்பது சிறிதன்று. இச்சடங்கை வெறும் நோய்நீக்கு வழிபாடாகவே எழுதிச் செல்வோர் இதனைக் காணத் தவறிவிடுகின்றனர்.

கண்ணகை வழிபாட்டோடு இயைந்தது கொம்புமுறி. ஊர் இரண்டு சேரிகளாகப் பிரியும். வடசேரி, தென்சேரி என்பன அவற்றின் பெயர். ஒன்று கோவலனுக்கும் மற்றையது கண்ணகிக்கும் உரியது என்பர். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு சேரியாரும் இருபுறமும் இழுப்பர். எவர் கொம்பு முறிந்ததோ அவர் தோற்றவர். வென்றவர் தோற்றவரை வசைபாடுதலும் அவ்வசையைத் தோற்றவர் பொறுத்தலும் முறை. பத்தினித் தெய்வத்தை வழிபடும் சிங்கள மக்கள் 'அங்கெலிய' என நிகழ்த்துவதும் இவ்விளையாட்டே. ஊரைப் பகைவர்போற் பிரித்துப் பின்னர் ஒன்றாக்கும் இவ்விழா இருபதாம் நூற்றாண்டில் மெல்ல அருகிற்று.

வைகாசி மாதத்திற்கு இவ்வாறு ஊரார் கொடுத்த பொருள் ஒருபுறமிருக்க, அரசுகள் கொடுத்த பொருள்கள் வேறு. 1638 ஆம் ஆண்டு மே 18 ஆம் நாள், போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பிய மட்டக்களப்புக் கோட்டை, அதாம் வெஸ்டர்வோல்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதியிடமும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனிடமும் வீழ்ந்தது. மே 23 இல் இருவரும் உடன்படிக்கை செய்தனர். கைப்பற்றிய கோட்டைகளிலே ஒல்லாந்தர் காவற்படை நிறுத்துவது அரசன் விரும்பினாலன்றி ஆகாது என்னும் கருத்துடைய சொற்கள் ஒரு படியில் இருந்தன. மற்றொரு படியில் இல்லை. பின்னெழுந்த பூசல்கள் பலவற்றிற்கு இச்சொற்குறையே வித்தாயிற்று. வாவிக்கரை மக்களை இருவரும் கேட்டாரல்லர். ஏட்டுக் கல்வெட்டிலே ஒரு குடியின் பெயர் விடுபட்டாற் கொதித்தெழும் மக்களின் நிலத்திலே, அரசரின் உடன்படிக்கை இவ்வாறு எழுதப்பெற்றது.

ஆங்கிலராட்சியிலே மே 24 பேரரசு நாளாயிற்று. விக்டோரியா அரசியின் பிறந்தநாளாகிய அது 1902 முதற் கொண்டாடப்பட்டு, குடியேற்ற நாட்டுப் பாடசாலைகளிலும் பரவிற்று. கொடி வணக்கமும் அரச வாழ்த்தும் அதன் உறுப்புக்கள். ஒரே வாரத்திலே பகலிற் பேரரசை வாழ்த்தக் கற்ற மாணவன், இரவிற் சடங்குப் பந்தரிலே பாண்டியன் வீழ்ந்த கதையைக் கேட்டல் கூடுமாயிருந்தது. காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகள் சிலப்பதிகாரத்தின் வழியே பழந்தமிழிசையை ஆராய்ந்து, 1947 இல் யாழ் நூலை வெளியிட்டமைக்கு, அவ்வூர்க் கண்ணகை கோயில் அணித்தே இருந்தமையும் ஒரு காரணமாயிருக்கலாம்.

1948 பெப்ரவரி 4 ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. 1956 இன் மொழிச் சட்டத்தின் பின்னர் அந்நாளின் ஒளி தமிழர் ஊர்களிலே மங்கிற்று. 1961 இன் தொடக்க மாதங்களில் மட்டக்களப்புக் கச்சேரியின் முன்னும் மக்கள் அமர்ந்து அறப்போர் நிகழ்த்தினர். 1972 இற் குடியரசு அரசியலமைப்பு நிறைவேற்றப்பட்ட பொழுது தேசிய விழா மீண்டும் வைகாசிக்கு வந்தது. மே 22 குடியரசு நாள். சிறுபான்மையோர்க்குக் காப்பாயிருந்த பழைய யாப்பின் 29 ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. அதற்கு எட்டு நாள் முன்னர்த் திருகோணமலையில் அமைந்த தமிழர் கூட்டணி அந்நாளைத் துக்கநாளெனக் கொண்டது. மூன்று அரசு நாள்கள் ஒரே மாதத்தின் அடுத்தடுத்த தேதிகளில், 22, 23, 24 என வந்து விழுந்தது தற்செயலே. ஆயினும் மூன்றிலும் குடிகளை அழைத்துப் பங்கு கேட்கும் முறை காணப்படாதது தற்செயலன்று.

அதன் பின்னர் வந்த கோடைகள் கொடியன. 1990 யூலை 12 ஆம் நாள், கல்முனைத் தெருவால் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முசுலிம் பயணிகள் குருக்கள்மடத்திலே மறிக்கப்பட்டுத் தமிழீழ விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். தொகை குறித்துக் கணக்குகள் வேறுபடுகின்றன. கொல்லப்பட்டோருள் மக்கா யாத்திரை முடித்து மீண்டோரும் இருந்தனர். யாத்திரிகர்க்கு நீர் வார்த்த தெரு அது. மறுகரையிலே, 1991 யூன் 12 ஆம் நாள், கொக்கட்டிச்சோலைப் பகுதியிலே தமிழ் மக்கள் இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். அரசு நியமித்த ஆணைக்குழு கொலையுண்டோர் 67 பேர் எனக் கண்டது. இரு நிகழ்ச்சிகளுக்கும் தேசத்தின் பெயரே கூறப்பட்டது. ஒரு சாரார் கூறிய தேசம் வேறு, மறுசாரார் கூறிய தேசம் வேறு. இரண்டும் தேசத்துக் கோயிலின் தேசத்தை ஒத்தனவல்ல.

2014 இல் மண்முனைத் துறையிலே பாலம் திறக்கப்பட்டு, கொக்கட்டிச்சோலைக்குத் தேர் காணச் செல்வோர் அவ்வழியே வாவியைக் கடக்கலாயினர். போர் ஓய்ந்தபின் கதிர்காம அடியார் மீண்டும் கரைத்தெருவால் நடக்கின்றனர். பாலம் திறந்த அதே ஆண்டிலே, குருக்கள்மடத்து மணலிற் புதையுண்டோரை அகழ்ந்தெடுக்குமாறு களுவாஞ்சிக்குடி நீதவான் மன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டில் அகழ்வு நடைபெறவில்லை.